லைலா மஜ்னூன்: ஒரு பாலைவனக் காதல் கதையின் வரலாறு

லைலா மஜ்னூன் என்பது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நடு அரேபியாவின் நஜ்த் பகுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காதல் கதை. ஆமிர் குலத்தைச் சேர்ந்த கைஸ் என்ற இளைஞன் அதே குலத்துப் பெண்ணான லைலாவைக் காதலித்தான். அவளைப் பற்றிக் கவிதை பாடினான். பாடியதாலேயே அவளை இழந்தான். பித்தேறி, விலங்குகளோடு பாலைவனத்தில் திரிந்து இறந்தான். கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். அரபு மொழியில் துண்டு துண்டான செய்திகளாகத் தொடங்கிய இது, பாரசீகத்தில் பெருங்காவியமாகி, துருக்கியம், உருது, இந்தி, தமிழ் எனப் பல மொழிகளுக்கும் பரவியது.

நம்மில் பெரும்பாலோர்க்கு இக்கதை திரைப்படம் வழியாகவே அறிமுகம். அதனால் இதை ஏழை பணக்காரக் காதல் என்றோ, பகைக் குடும்பங்களின் காதல் என்றோ நினைத்துக்கொள்கிறோம். பழைய அரபுக் கதையில் இரண்டும் இல்லை. இருவரும் ஒரே குலம். கைஸின் தந்தை வசதியுள்ளவர். பெண் கேட்டுப் போனபோது ஐம்பது ஒட்டகங்களைத் தர முன்வந்தவர். அப்படியிருந்தும் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள் என்பதுதான் கதையின் முடிச்சு. அதை அவிழ்க்க அந்த நிலத்தையும், அங்கே வாழ்ந்தவர்களின் மான உணர்வையும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலமும் வாழ்வும்

நஜ்த் என்ற அரபுச் சொல்லுக்கு மேட்டுநிலம் என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 முதல் 1500 மீட்டர் வரை உயரமுள்ள பாறை மேடு இது. வடக்கே நஃபூத், கிழக்கே தஹ்னா, தெற்கே ‘வெற்றிடம்’ என்றே பெயர் பெற்ற ருப் அல்-காலி என மூன்று பக்கமும் மணற்பரப்புகள் சூழ்ந்திருக்கின்றன. கோடையில் கொடிய வெயில். குளிர்கால இரவில் நடுக்கும் குளிர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை.

இந்நிலத்தில் ஒட்டகமும் ஆடும் மேய்த்த பதூயின் மக்களின் வாழ்வு மழையைப் பின்தொடர்ந்தது. குளிர்கால மழை பெய்தபின் சில மாதங்களுக்குப் பள்ளத்தாக்குகளில் புல் முளைக்கும். அப்போது வெவ்வேறு குடிகள் ஒரே மேய்ச்சல் நிலத்துக்கு வந்து அருகருகே கூடாரம் அடிக்கும். பிள்ளைகளும் இளைஞரும் ஒருவரையொருவர் பார்ப்பது இந்தக் காலத்தில்தான். புல் காய்ந்ததும் ஒவ்வொரு குடியும் தனக்குரிய கிணற்றை நோக்கிப் போய்விடும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மழை பெய்யும் என்பதற்கு உறுதியில்லை. பார்த்த முகத்தை மறுபடி பார்ப்போம் என்பதற்கும் உறுதியில்லை.

பழைய அரபுக் கவிதைகள் பல, கைவிடப்பட்ட கூடாரத் தடத்தின் முன் நின்று அழுவதில் தொடங்குவது இதனால்தான். கரிபிடித்த அடுப்புக் கற்கள், மழைநீர் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய சிறு வாய்க்கால், அங்கே இப்போது மேயும் மான்களின் புழுக்கை: இவற்றைப் பார்த்துக் காதலியை நினைப்பது கவிதை மரபு. பிரிவு அங்கே விதியின் சதியாக வருவதில்லை. பருவம் மாறுவதால் வருகிறது.

ஜின்களின் உலகம்

மஜ்னூன் என்பது இயற்பெயர் அன்று, பட்டப்பெயர். தமிழில் ‘பைத்தியக்காரன்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அச்சொல்லின் உள்ளே வேறொன்று இருக்கிறது. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து பிறப்பவை. ‘ஜ-ன-ன’ என்ற வேருக்கு ‘மறை, மூடு’ என்பது அடிப்படைப் பொருள். கண்ணுக்கு மறைந்து வாழும் உயிர் ஜின். மரங்களால் மூடப்பட்ட தோட்டம் ஜன்னத். சொர்க்கத்துக்கும் அதுவே பெயர். தாயின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் கரு ஜனீன். ஜின் பற்றியதால் அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். சொர்க்கமும் கருவும் பித்தும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை வகுப்பில் சொன்னால், கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

பாலைவன மக்களின் நம்பிக்கையில் ஜின்கள் கதைக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல. அந்நியமான பள்ளத்தாக்கில் இரவு தங்க நேர்ந்தவன், அந்த இடத்துத் தலைவனான ஜின்னிடம் வாய்விட்டுப் பாதுகாப்புக் கேட்கும் பழக்கம் இஸ்லாத்துக்கு முன்பு இருந்தது. ஃகூல் என்ற பேய் வழிப்போக்கர் முன் நிமிடத்துக்கு ஓர் உருவம் எடுத்து அவர்களை வழி தப்பச் செய்யும். எந்த உருவம் எடுத்தாலும் கால் மட்டும் கழுதைக் குளம்பாகவே இருக்கும் என்றார்கள். தஅப்பத ஷர்ரன் என்ற பழங்காலக் கவிஞர், இரவில் ஒரு ஃகூலோடு போரிட்டு அதைக் கொன்றதாகவே பாடியிருக்கிறார். ஆங்கிலத்தில் இன்று பேய்க்கதைகளில் வழங்கும் ‘கூல்’ என்ற சொல் இதிலிருந்து வந்ததே.

கவிதைக்கும் ஜின்னுக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு கவிஞனுக்கும் சொல் எடுத்துக் கொடுக்க ஒரு ஜின் உண்டு என்று நம்பினர். அப்கர் என்ற பள்ளத்தாக்கு ஜின்களின் உறைவிடம் என்பது வழக்கு. இன்றைய அரபு மொழியில் மேதையைக் குறிக்கும் ‘அப்கரீ’ என்ற சொல் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. எனவே ஆமிர் குலத்தார் கைஸை மஜ்னூன் என்றபோது இரக்கம், அச்சம், விலகல் மூன்றும் அதில் கலந்திருந்தன. அவன் பாடுவதும் அவன் பிதற்றுவதும் ஒரே ஊற்றிலிருந்து வருவதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

அரபு மூலத்தில் கதை

இக்கதையின் மிக விரிவான பழைய அரபு வடிவம் ‘கிதாபுல் அகானி’ எனும் பெருநூலில் உள்ளது. இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அச்சாகியுள்ள அந்நூலைத் தொகுத்தவர் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி (897–967). அவருக்கு முன்பே இப்னு குதைபா (828–889) தமது கவிஞர் வரலாற்று நூலில் மஜ்னூனுக்கு இடம் கொடுத்திருக்கிறார். இந்நூல்களில் கதை தொடர்ச்சியாக இல்லை. ‘இன்னார் சொல்ல இன்னார் கேட்டது’ என்று சொன்னவர் வரிசையோடு சிறு சிறு செய்திகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு செய்தி மற்றொன்றோடு முரண்படும். தொகுத்தவர் அதற்காகக் கவலைப்படுவதில்லை.

காதல் தொடங்கிய விதத்திலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில், தவ்பாத் மலையடிவாரத்தில் இருவரும் சிறுவயது முதல் சேர்ந்து ஆடு மேய்க்கிறார்கள். லைலா பருவமெய்தியதும் கூடாரத்துக்குள் வைக்கப்படுகிறாள். இன்னொன்றில், நல்ல உடையுடுத்து உயர்ந்த பெண் ஒட்டகத்தில் வரும் கைஸ், பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் இறங்கி, அவர்களுக்கு விருந்தளிக்கத் தான் ஏறிவந்த ஒட்டகத்தையே அறுத்துவிடுகிறான். முதல் வடிவமே பிற்காலத்தில் நிலைத்தது. ஆனால் ஊர்தியை அறுத்துவிட்டு நடந்து வீடு திரும்பும் அந்த இரண்டாம் கைஸ்தான், பின்னால் நடக்கப்போவதற்குப் பொருத்தமானவன் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வருவது பெண் கேட்கும் நிகழ்ச்சி. கைஸின் தந்தை ஐம்பது செந்நிற ஒட்டகங்களைப் பரிசமாகச் சொல்கிறார். அதே நேரம் வர்த் என்பவன் பத்து ஒட்டகங்களும் அவற்றை மேய்க்க ஓர் ஆளும் தருவதாகக் கேட்கிறான். லைலாவின் குடும்பம் வர்த்துக்கே கொடுக்கிறது.

பத்து, ஐம்பதை வென்ற காரணம் கைஸின் கவிதைகள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் காதல் கவிதை பாடுவதை அரபுக் குலங்கள் கடும் இழுக்காகக் கருதின. கவிதை அன்று ஊர் ஊராகப் பரவும் செய்தி. ஒட்டகக்காரர் பாடிக்கொண்டு போவார். சந்தையில் இன்னொருவர் கேட்பார். பத்து நாளில் அந்தப் பெண்ணின் பெயர் அறிமுகமற்ற ஆண்கள் வாயில் இருக்கும். அதன்பிறகு அவளை அவனுக்கே கட்டிக்கொடுத்தால் பாடல்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று குடும்பமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அகப்பாடலில் தலைமக்கள் பெயர் சுட்டக்கூடாது என்ற தொல்காப்பிய விதியைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. தமிழ் மரபு கவிதைக்குள்ளேயே பெயரை விலக்கி அந்த ஆபத்தைத் தவிர்த்தது; அரபு மரபு பெயரை அனுமதித்தது, அதற்கான விலையைக் காதலரிடம் வசூலித்தது.

மறுக்கப்பட்டபின் கைஸ் நிலை குலைகிறான். உடை கிழிகிறது; உண்பதில்லை; மணலில் கோடு கிழித்தபடி உட்கார்ந்திருக்கிறான். எந்தப் பேச்சுக்கும் பதில் இல்லை. லைலா என்ற பெயரைச் சொன்னால் மட்டும் தெளிவாகப் பேசுகிறான். தந்தை அவனை மக்காவுக்கு அழைத்துச் சென்று, கஅபாவின் திரையைப் பிடித்துக்கொண்டு இந்தக் காதலிலிருந்து விடுதலை கேள் என்கிறார். திரையைப் பிடித்த மகன், லைலாவின் மேல் உள்ள அன்பு இன்னும் பெருக வேண்டும் என்று கேட்கிறான். லைலாவின் குடும்பம் ஆட்சியாளரிடம் முறையிட, அவன் மீண்டும் அவள் கூடாரத்தருகே வந்தால் அவனைக் கொன்றாலும் பழியில்லை என்ற ஆணை பெறப்படுகிறது.

இந்த இடத்தில் ஓர் அரசு அலுவலர் வருகிறார். நவ்ஃபல் இப்னு முஸாஹிக் என்ற அவர், குலங்களிடமிருந்து ஆண்டு வரியாக ஒட்டகமும் ஆடும் வசூலிக்க வந்தவர். ஆடையின்றி மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் இளைஞனைப் பார்த்து இரங்கி, உடை கொடுத்து, நானே உனக்காகப் பெண் கேட்கிறேன் என்று அழைத்துப் போகிறார். லைலாவின் உறவினர் ஆயுதத்தோடு எதிரே நிற்கிறார்கள். அவர் பின்வாங்குகிறார். கைஸ் அவரை வாக்குத் தவறியவர் என்று சொல்லிவிட்டு மறுபடி காட்டுக்குப் போகிறான். சிறிய காட்சிதான். ஆனால் புதிதாக எழுந்த உமய்யா அரசின் வரி அலுவலரால், ஒரு குலத்தின் மான உணர்வுக்கு முன் எதுவும் செய்ய முடியவில்லை என்பதை இது காட்டிவிடுகிறது.

அதன்பின் கைஸ் மனிதரோடு வாழ்வதில்லை. மான் கூட்டங்களோடு திரிகிறான். வேடர் வலையில் சிக்கிய மானின் கண் லைலாவின் கண்ணைப் போலிருப்பதால், ஆட்டைக் கொடுத்து மானை விடுவிக்கிறான். ஓநாய் மானைத் தின்பதைக் கண்டு ஓநாயைக் கொன்று, எஞ்சிய மானின் உடலைப் புதைக்கிறான். அவனுக்கு உணவு கொண்டு வந்து வைத்துவிட்டு மறைந்து நிற்பார்கள். ஒருநாள் உணவு தொடப்படாமல் கிடக்க, தேடிப்போனவர்கள் கற்கள் நிறைந்த ஒரு பள்ளத்தில் அவன் இறந்து கிடப்பதைக் காண்கிறார்கள். அவன் இறந்தது கி.பி. 688ஐ ஒட்டி என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு.

அப்படி ஒருவன் இருந்தானா?

இந்த ஐயம் நவீன ஆய்வாளருடையது மட்டுமன்று, கதையளவே பழையது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மொழியறிஞர் அல்-அஸ்மயீ, உலகில் பெயரால் மட்டுமே அறியப்பட்டவர்களில் ஒருவன் மஜ்னூன் என்று சொன்னதாக ‘அகானி’யிலேயே பதிவு இருக்கிறது. ஒருவர் ஆமிர் குலத்தின் கிளை கிளையாகப் போய் விசாரித்தும் அவனை அறிந்தவர் யாரும் இல்லை. ஆமிர் குலத்தான் ஒருவனிடம் கேட்டபோது, எங்கள் ஆட்களின் ஈரல் தடிமனானது, காதலால் சாவதெல்லாம் மெல்லிய மனம் கொண்ட யமன்காரர்களுக்கே ஆகும் என்ற பொருளில் கேலியாகப் பதில் வந்ததாம். உமய்யா அரச குடும்பத்து இளைஞன் ஒருவன் தன் உறவுப் பெண்மேல் கொண்ட காதலை மறைக்க, மஜ்னூன் என்ற பெயரைப் புனைந்து கவிதைகளை அவன் மேல் ஏற்றினான் என்பது இன்னொரு செய்தி.

அல்-ஜாஹிழ் (இறப்பு 868 அல்லது 869) கூர்மையாக ஒன்று சொன்னார்: பாடியவர் யாரென்று தெரியாத கவிதையில் லைலா என்ற பெயர் வந்தால் மக்கள் அதை மஜ்னூனுடையது என்பார்கள், லுப்னா என்று வந்தால் கைஸ் இப்னு தரீஹ் பாடியது என்பார்கள். பாடியவர் தெரியாத தனிப்பாடல்கள் நம்மிடையே ஔவையார் பெயரில் சேர்ந்தது போலத்தான் இதுவும். லைலா மிகச் சாதாரணமான அரபுப் பெயர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இஸ்ஃபஹானியே, தமக்குக் கிடைத்த செய்திகளைத் தருவதாகவும், அவற்றின் உண்மைக்குத் தாம் பொறுப்பில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த நேர்மை பாராட்டத்தக்கது. 20ஆம் நூற்றாண்டில் எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன் மஜ்னூன் வரலாற்று மனிதன் என்பதை ஏற்கவில்லை. ரஷ்ய அரபியியலாளர் இக்னாத்தி கிராச்கோவ்ஸ்கி பழைய செய்திகளை ஒவ்வொன்றாக அலசி, 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படியொரு கவிஞன் இருந்திருக்க இடமுண்டு என்ற பக்கம் சாய்ந்தார். கைஸ் என்ற பெயரில் ஒரு கவிஞன் இருந்திருக்கலாம். அவன் பெயரில் இன்று உள்ள கவிதைகளில் பெரும்பகுதி அவனுடையதாக இருக்க முடியாது. இதற்கு மேல் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அவன் தனியாகவும் இல்லை. ஜமீல்–புஸைனா, கைஸ்–லுப்னா, குஸைய்யிர்–அஸ்ஸா, உர்வா–அஃப்ரா என இதே காலத்தை ஒட்டி ஒரே வார்ப்பில் பல இணைகள் இருக்கின்றன. ஹிஜாஸின் வடக்கே வாழ்ந்த உத்ரா குலத்தின் பெயரால் இவ்வகைக் கவிதை ‘உத்ரி’ எனப்படுகிறது. ஒரே காதலி, கைகூடாத திருமணம், கற்பு நெறி, இறுதியில் சாவு என்பன அதன் இலக்கணம். இஸ்லாம் பரவி, குலத்து வீரர்கள் எகிப்துக்கும் ஈராக்குக்கும் பாரசீகத்துக்கும் போய் நகரங்களில் குடியேறிய காலம் அது. பாலைவனத்தில் எஞ்சியவர்கள் வறியவர்களாகவும் ஒதுங்கியவர்களாகவும் ஆயினர். அவர்களின் ஏக்கம் இக்கவிதைகளில் ஏறியது என்பது ஒரு விளக்கம். எனக்கு அதோடு இன்னொன்றும் படுகிறது: இந்தக் கதைகளைச் சேகரித்து எழுதியவர்கள் பாக்தாத், பஸ்ரா போன்ற நகரத்தவர். வரிக்கணக்கும் வணிகமும் நிறைந்த தெருவில் இருந்துகொண்டு, தாம் விட்டுவந்த மணலைப் புனிதமாக நினைப்பது அவர்களுக்கு எளிது.

நிஜாமியின் காவியம்

சிதறிக்கிடந்த செய்திகளை ஒரே கதையாக்கியவர் நிஜாமி கஞ்சவி (1141–1209). இன்றைய அஸர்பைஜானில் உள்ள கஞ்சா நகரைச் சேர்ந்தவர். பாரசீக மொழிக் கவிஞர். ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாத அவர் அரேபியப் பாலைவனத்தைப் பார்த்தவரல்லர்.

1188ஆம் ஆண்டில், ஷிர்வான் நாட்டு அரசர் அக்ஸிதான் லைலா மஜ்னூன் கதையைக் காவியமாக்கும்படி நிஜாமிக்குக் கடிதம் எழுதினார். கவிஞருக்கு இதில் விருப்பமில்லை. தோட்டம் இல்லை, அரச விருந்து இல்லை, மது இல்லை. வறண்ட மணலையும் கரடுமுரடான மலையையும் வைத்துக்கொண்டு எவ்வளவு பாடுவது என்று முன்னுரையில் தம் தயக்கத்தைச் சொல்கிறார். எழுதும்படி வற்புறுத்தியவன் பதினான்கு வயதான அவருடைய மகன் முஹம்மது. அச்சிறுவனின் தாய் ஆஃபாக் என்ற கிப்சாக் இனப் பெண். தர்பந்த் ஆட்சியாளர் அடிமையாக அனுப்பிவைத்த அவளை நிஜாமி மணந்துகொண்டார். அவள் இளமையிலேயே இறந்துவிட்டாள். மனைவியைப் பறிகொடுத்தவர், அவளுடைய மகன் கேட்டதற்காகப் பிரிவின் கதையை எழுதினார் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது காவியத்தின் நிறம் சற்று மாறுகிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஈரடிகளை நான்கு மாதத்துக்குள் முடித்ததாக அவரே குறிப்பிடுகிறார்.

நிஜாமி செய்த மாற்றங்கள் பல. ஆடு மேய்த்த சிறுவரைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மற்றவர்கள் எழுத்தைப் படிக்க இவர்கள் ஒருவரையொருவர் படித்தார்கள். வரி வசூலித்த நவ்ஃபலைப் படைத்தலைவனாக்கி லைலாவின் குலத்தோடு இரண்டு முறை போரிட வைத்தார். அந்தப் போரில் மஜ்னூன் தனக்காகச் சண்டையிடுகிறவர்கள் பக்கம் நிற்பதில்லை. எதிர்ப்படை லைலாவின் ஆட்கள் என்பதால் அவர்கள் வெல்ல வேண்டும் என்று நினைக்கிறான். பிச்சையெடுக்கும் கிழவி ஒருத்தி ஒருவனைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்து, அவனுக்குப் பதில் தன்னைக் கட்டிக் கூடாரம் கூடாரமாக இழுத்துப் போகச் சொல்கிறான்; அப்படியாவது லைலாவின் வாசலைக் காணலாமே என்பது அவன் கணக்கு.

பாலைவன விலங்குகளையும் நிஜாமி பெருக்கிக் காட்டினார். சிங்கம், ஓநாய், நரி, மான் எல்லாம் பகை மறந்து மஜ்னூனைச் சூழ்ந்திருக்கின்றன. அவனே அவற்றின் அரசன். லைலா இலையுதிர் காலத்தில் நோயுற்று, தாயிடம் மட்டும் உண்மையைச் சொல்லி இறக்கிறாள். செய்தி கேட்டு வரும் மஜ்னூன் அவள் கல்லறையைத் தழுவியபடியே உயிர்விடுகிறான். விலங்குகள் காவல் நிற்பதால் நெடுநாள் யாரும் அருகே போகத் துணியவில்லை. அவை விலகியபோது எலும்புகளே மிஞ்சியிருந்தன.

லைலாவின் பக்கம்

இக்கதையைப் பேசுகிறவர்கள் மஜ்னூனைப் பற்றியே பேசுகிறார்கள். பித்துப் பிடிக்கும் உரிமை அவனுக்குத்தான் இருந்தது. ஊரறியப் பாடவும், உடையைக் கிழிக்கவும், காட்டுக்குப் போகவும் அவனால் முடிந்தது. அவன் பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் கூடாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தவள் லைலா. அரபு நூல்களில் அவள் பெயரில் வரும் மிகச் சில வரிகளின் கருத்தும் இதுவே: இருவருக்கும் நோய் ஒன்றுதான், அவன் அதை வெளிப்படுத்தினான், தான் மறைத்தே கரைந்ததாகச் சொல்கிறாள்.

நிஜாமி இதைக் கவனித்தவர். அவருடைய லைலாவும் கவிதை புனைகிறாள். சிறு தாள்களில் எழுதி வீட்டிலிருந்து காற்றில் விடுகிறாள். வழிப்போக்கர் எடுத்துப்போய் மஜ்னூனிடம் சேர்க்கிறார்கள். இப்னு ஸலாம் என்பவனுக்குக் கட்டாய மணம் செய்துவைத்தபின், நெருங்கி வந்த கணவனை அவள் அறைந்துவிடுகிறாள். அவனும் கடைசிவரை அவளைக் கட்டாயப்படுத்துவதில்லை. பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்று வாழ்ந்து நோயில் இறக்கிறான். கதையில் யாரும் இரங்காத மூன்றாம் ஆள் அவன். கணவன் இறந்ததும், துக்கம் காக்கும் விதவை என்ற போர்வையில் லைலா முதன்முறையாக வாய்விட்டு அழ முடிகிறது. யாருக்காக அழுகிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? காவியத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எகிப்தியக் கவிஞர் அஹ்மது ஷவ்கி 1931இல் வெளியிட்ட ‘மஜ்னூன் லைலா’ நாடகம் இன்னும் ஒரு படி போகிறது. அதில் தந்தை முடிவை மகளிடமே விடுகிறார். லைலா கைஸை விரும்பியும், குல மானத்தை நினைத்து வர்த்தைத் தேர்ந்தெடுக்கிறாள். பின்னர் அதற்காக வருந்துகிறாள். வெளியே நின்ற காவலைத் தன் மனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெண்ணாக அவளைக் காட்டியது அந்நாடகம்.

பரவிய வழிகள்

நிஜாமிக்குப் பின் இக்கதையைப் பாடுவது கவிஞர்களுக்கு ஒரு தேர்வு போலாயிற்று. தில்லியில் அமீர் குஸ்ரு 1299ஐ ஒட்டிப் பாரசீகத்தில் எழுதினார். 1484இல் ஹெராத்தில் ஜாமி பாரசீகத்திலும், அவருடைய நண்பர் அலிஷேர் நவாயி சகதாய் துருக்கியத்திலும் எழுதினர். ஈராக்கில் வாழ்ந்த ஃபுஸூலி 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அஸர்பைஜானியத் துருக்கியத்தில் எழுதியது, துருக்கி மொழி உலகில் நிஜாமியின் நூலுக்கு இணையாக மதிக்கப்படுகிறது. சூஃபிகள் லைலாவை இறைவனாகவும் மஜ்னூனை அடியவனாகவும் கொண்டனர். ரூமியின் மஸ்னவியில் ஒரு கலீஃபா லைலாவைப் பார்த்து, நீ மற்றப் பெண்களைவிட அழகாக ஒன்றும் இல்லையே என்கிறார்; நீர் மஜ்னூன் இல்லையே என்பது அவள் பதில். இந்த விளக்கம் ஆழமானதே. ஆனால் லைலா வெறும் குறியீடாகிவிட்டால், கூடாரத்துக்குள் இருந்த அந்தப் பெண் மறுபடியும் காணாமற்போகிறாள்.

ஓவியர்களுக்கும் இக்கதை விருந்து. 1432ஐ ஒட்டி ஹெராத்தில் வரைந்த பள்ளிக்கூடக் காட்சி இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஈரானிய அரசர் தஹ்மாஸ்புக்காக 1539–43இல் உருவான நூற்படியில், சங்கிலியில் கட்டிய மஜ்னூனைக் கிழவி கூட்டிவரும் காட்சி இருக்கிறது. மீர் சையத் அலி வரைந்ததாகக் கருதப்படும் அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மஜ்னூன் ஒரு மூலையில்தான். படம் நிறையக் கூடாரங்கள், பால் கறப்போர், அடுப்பு, ஆடுகள். அதே மீர் சையத் அலி பின்னர் ஹுமாயூன் அவைக்கு வந்து முகலாய ஓவிய மரபுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரானார்.

1908 ஜனவரி 25 அன்று பாகு நகரில் உஸேயிர் ஹாஜிபேயோவ் இயற்றிய ‘லெய்லி மஜ்னூன்’ இசைநாடகம் அரங்கேறியது. ஃபுஸூலியின் காவியத்தைத் தழுவிய இது, முஸ்லிம் உலகின் முதல் ஆப்பெரா எனப் போற்றப்படுகிறது. அன்று பெண்கள் மேடையேற முடியாததால் லைலாவாகப் பாடியவர் ஓர் ஆண். தேநீர்க் கடையில் வேலை பார்த்த இளைஞர். மேற்கே, 1836இல் ஜேம்ஸ் அட்கின்சன் நிஜாமியின் காவியத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1970இல் எரிக் கிளாப்டன் பாடிப் புகழ்பெற்ற ‘லைலா’ பாடலின் பெயர் இக்கதையிலிருந்து எடுத்ததே.

இந்தியாவில் பாரசீகக் கல்வியும், பின்னர் பார்சி நாடகக் குழுக்களும் இக்கதையை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. 1949இல் நாகேஸ்வர ராவும் பானுமதியும் நடித்த தெலுங்குப் படம் வெளிவந்தது; 1950இல் டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த தமிழ்ப் படம் எஃப். நாகூர் இயக்கத்தில் வந்தது. ராஜஸ்தானில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பின்ஜௌர் கிராமத்தில் இருக்கும் இரு சமாதிகளை லைலா, மஜ்னூனுடையவை என்று மக்கள் வணங்குகிறார்கள். வரலாற்றுக்கு இது ஒவ்வாது. ஆனாலும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே விழா நடக்கிறது. இந்து, முஸ்லிம் வேறுபாடின்றி இளம் தம்பதியர் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

கதை பிறந்த இடமாகக் கருதப்படும் அல்-அஃப்லாஜ் பகுதி, சவூதி தலைநகர் ரியாதுக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தவ்பாத் மலையும் அங்கேதான். அப்பகுதியின் முக்கிய ஊருக்கு லைலா என்றே பெயர்; அது கதையின் லைலாவால் வந்தது என்பது மக்கள் வழக்கு. அஃப்லாஜ் என்ற சொல்லுக்கு நிலத்தடி நீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள் என்று பொருள். ஊரருகே ஆழமான ஊற்று ஏரிகள் பல இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை பயணிகள் அவற்றை வியந்து எழுதியிருக்கிறார்கள். வேளாண்மைக்காக நிலத்தடி நீரை இறைத்ததில் 1990களில் அந்த ஏரிகள் வற்றிவிட்டன. நீர் நின்ற இடத்தில் இப்போது வெண்மையான பள்ளங்கள் மட்டும் இருக்கின்றன.